ஹார்ட்டுக்கு ஸ்கேஃபோல்ட் பண்றீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஹார்ட் அட்டாக்ல 100 கோடி தசை செல் வரைக்கும் செத்துப்போகலாம், அந்த அளவுக்கு புதுசா எதுவும் முளைக்காது, தழும்புதான் விழும். அதனாலதான் உடம்புக்குள்ள தானா கரையுற ஸ்கேஃபோல்ட்ல (செல் ஒட்டி வளர்ற தாங்கு சட்டம்) ஸ்டெம் செல்ல (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) வளத்து அங்க ஒட்டவைக்கப் பாக்குறாங்க. லேப்ல செல் ஒழுங்கா வளரலன்னா உடனே செல்ல குறை சொல்லாதீங்க, முதல்ல சர்ஃபேஸப் பாருங்க.

பெரிய தப்பு விறைப்பை கண்டுக்காம விடுறது. பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன்ங்கிற கரையுற பிளாஸ்டிக்) ஷீட் கைக்கு மெத்துனு தெரியும், ஆனா அந்த பாலிமரோட விறைப்பு நூத்துக்கணக்கான மெகாபாஸ்கல், ஹார்ட் தசையோ சுமாரா 10 கிலோபாஸ்கல்தான் (1 மெகாபாஸ்கல்னா 1000 கிலோபாஸ்கல்). 2006லயே எங்லர், டிஷர்ங்கிற ஆராய்ச்சியாளர்களோட டீம் காட்டிட்டாங்க, ஒரே மெசன்கைமல் ஸ்டெம் செல்ல (எலும்பு மஜ்ஜை மாதிரி இடத்துல இருக்குற ஸ்டெம் செல்) 1 கிலோபாஸ்கலுக்கு கீழ உள்ள ஜெல்ல வச்சா நரம்பு செல் பக்கம் போகுது, 8லேர்ந்து 17ல தசை பக்கம், 25லேர்ந்து 40ல எலும்பு பக்கம். அதே குரூப்பு 2008ல கரு நிலை ஹார்ட் செல்ல தழும்பு மாதிரி விறைப்பான ஜெல்ல வச்சப்போ அது இழுத்து இழுத்துப் பாத்து கடைசில துடிக்கிறதையே நிறுத்திடுச்சு. அதனால பிஜிஎஸ் (பாலிகிளிசரால் செபகேட்) மாதிரி ரப்பர் தன்மை உள்ள பாலிமரையோ ஜெல்லையோ யோசிங்க, நனைஞ்ச நிலைல அளந்து பாருங்க.

அடுத்து கோட்டிங். பிசிஎல் தண்ணிய ஒட்டவிடாது, பிளாஸ்மா (மின்னேத்துன வாயு, ரத்த பிளாஸ்மா இல்ல) குடுத்தா சரியாகும், ஆனா அப்படியே அலமாரில போட்டு வச்சா அந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும், கையோட கோட் பண்ணிடுங்க. ஆர்ஜிடி பெப்டைட (செல் பிடிச்சுக்க உதவுற குட்டி புரோட்டீன் துண்டு) சும்மா ஊத்தி ஊறவச்சா கழுவுறப்பவே பாதி போயிடும், கெமிக்கலா பிணைக்கணும். சீரம் மீடியாவ (ரத்தத்துலேர்ந்து எடுத்த சீரம் கலந்த வளர்ப்பு திரவம்) எடுத்த உடனே ஊத்துனா அதுல உள்ள புரோட்டீன் நிமிஷத்துல மேல படிஞ்சிடும், செல் தொடுறது உங்க பெப்டைட இல்ல, அந்தப் படிவத்த! முதல் சில மணி நேரம் சீரம் இல்லாம செல்ல ஒட்டவிடுங்க, அமினோ அமில வரிசை மாத்துன பெப்டைடயும் ஒப்பிட்டுப் பாக்க கன்ட்ரோலா வைங்க.

கிருமி நீக்க ஆட்டோகிளேவ் (சூடான அழுத்த நீராவி) மட்டும் வேண்டாம், பிசிஎல் 60 டிகிரிலயே உருகிடும்.

கரையுற வேகம் தனி தலைவலி, பிசிஎல் போக 2, 3 வருஷம் ஆகும், பிஎல்ஜிஏங்கிற இன்னொரு பாலிமர் வாரக் கணக்குலயோ மாசக் கணக்குலயோ கரையும் ஆனா லாக்டிக், கிளைகாலிக் ஆசிடா மாறுது, தடிமனா இருந்தா ஆசிட் உள்ளயே தேங்கி செல்ல கொல்லும். தடிமன் 200 மைக்ரான தாண்டுனா நடுவுல ஆக்சிஜனும் போய்ச் சேராது.

கடைசியா, ட்ரோபோனின் (ஹார்ட் தசைல இருக்குற புரோட்டீன்) மார்க்கர் ஒண்ணு வந்துடுச்சுன்னு ஹார்ட் செல் ஆயிடுச்சுன்னு எழுதிடாதீங்க. சார்கோமியர் (தசை சுருங்குற அடிப்படை அலகு) வரி தெரியுதா, கால்சியம் ஏறி இறங்குதா, துடிக்குதான்னு பாருங்க. எலும்பு மஜ்ஜை மெசன்கைமல் செல் நிஜமான ஹார்ட் தசையா மாறுறது ரொம்ப சந்தேகம், அது சுரக்குற பொருளாலதான் பலன்னு நிறைய பேர் சொல்றாங்க, தசையே வேணும்னா ஐபிஎஸ் செல்லுக்கு (சாதாரண செல்ல மாத்தி திரும்ப ஸ்டெம் செல்லாக்குனது) போங்க. துடிச்சாலும் அதோட முடியல, 2014ல குரங்கு ஹார்ட்ல ஸ்டெம் செல்லேர்ந்து வந்த தசை செல்ல வச்சப்போ அது நல்லா ஒட்டிச்சு, ஆனா துடிப்பு தாறுமாறாச்சு, அதனால விலங்கு சோதனைல ஈசிஜிய விடாம ஓடவிடுங்க.