சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்டுலயே வெயிலையும் காத்துல இருக்குற தூசையும் அளக்கலாம் வாங்க

புகைமூட்டம்னு சொன்னதும் எல்லாரும் பிஎஸ்ஐ (காத்து எவ்ளோ மாசுன்னு காட்டுற குறியீடு) எவ்ளோன்னு தான் பார்ப்போம், ஆனா அது 24 மணி நேர சராசரி, இப்போ பிள்ளைங்கள கீழ விளையாட விடலாமான்னு தெரியணும்னா 1 மணி நேர பிஎம்2.5, அதாவது காத்துல இருக்குற ரொம்ப நுண்ணிய தூசோட அளவை பாருங்க. கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரைக்கும் சாதாரணம், அதுக்கு மேல போனா கூட ஆரம்பிச்சிருச்சு, 150 தாண்டினா அதிகம். தேசிய சுற்றுப்புற வாரியம் இதை 5 வட்டாரமா பிரிச்சு தருது, உங்க புளோக்ல என்னன்னு தெரிய சொந்தமா ஒரு சின்ன ஸ்டேஷன் வச்சா தான் உண்டு.

தூசை அளக்க ஈஎஸ்பி32ன்னு வைஃபை உள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு, தூசுக்கு பிளான்டவர் பிஎம்எஸ்5003 சென்சார், ஈரப்பதத்துக்கு பிஎம்இ280 சென்சார், அவ்ளோதான். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ தூசு சென்சாரை எழுப்பி, 30 செகண்ட் ஃபேன் ஓடவிட்டு அப்புறம் படிங்க, நாள் முழுக்க ஓடுனா உள்ள இருக்குற லேசர் சீக்கிரம் போயிடும்.

வெயிலுக்கு, சூரிய சக்தியை அளக்குற பைரனோமீட்டர் தான் சரியான கருவி, ஆனா விலை ஜாஸ்தி. வெளிச்சத்தை லக்ஸ்ங்கற அலகுல அளக்குற பிஎச்1750 சென்சார் வாங்காதீங்க, சாதாரண செட்டிங்ல 54,000 லக்ஸ் கிட்டயே முட்டி நின்னுரும், நம்ம உச்சி வெயில் 1 லட்சம் தொடும். அதுக்கு பதிலா உள்ளங்கை அளவு சோலார் பேனல் வாங்கி ரெண்டு வயரையும் ஐஎன்ஏ219ங்கற கரண்ட் அளக்குற போர்டு வழியா நேரா இணைச்சு ஓடுற கரண்ட்டை படிங்க, வெயில் ரெண்டு மடங்கானா கரண்ட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். வோல்டேஜ் பார்த்து பிரயோஜனமில்ல, அது லேசான வெளிச்சத்துலயே மேல ஏறி உக்காந்துக்கும். மார்ச் இல்ல செப்டம்பர்ல மேகமே இல்லாத ஒரு நாள், மத்தியானம் 1 மணி (நமக்கு சூரியன் உச்சிக்கு வர்றது 12க்கு இல்ல, 1 மணி வாக்குல தான்), அப்போ வர்ற அளவை சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட்னு வச்சுக்கிட்டு மத்ததை கணக்கு போடுங்க.

எங்க வைக்கிறதுங்கறது தான் பெரிய விஷயம். சன்னலுக்கு வெளிய எதையும் தொங்க விடாதீங்க ப்ளீஸ், மேலேர்ந்து சின்ன பொருள் விழுந்தாலும் கீழ போறவங்க உயிருக்கு ஆபத்து, கிரில்லுக்கு உள்பக்கம் கேபிள் டை, அதுக்கு மேல ஒரு கம்பியும் போட்டு கட்டுங்க. சமையலறை பக்கம் வேணாம், தாளிச்சா போதும் நம்பர் எகிறிடும், சாம்பிராணியும் அப்படித்தான். பேனலுக்கு சன்னல் பத்தாது, ஜூன்ல சூரியன் வடக்கால போகும் டிசம்பர்ல தெற்கால போகும், வடக்கு இல்ல தெற்கு பார்த்த சன்னல்ல பாதி வருஷம் நேர் வெயிலே வராது, அதனால முடிஞ்சா சமூகத் தோட்டத்துல அனுமதி கேட்டு திறந்தவெளியில மட்டமா வைங்க, வாரம் ஒரு தடவ துடைங்க.

விடியக்காலைல, மழை விட்டதும் தூசு நம்பர் கூடுனா பயப்படாதீங்க, ஈரத்துல தூசு உப்பி பெருசா தெரியும், இந்த சென்சார்ல அதை காயவைக்க ஹீட்டர் கிடையாது. அளவுகளை கூகுள் ஷீட்ல பதிஞ்சு வைங்க, ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா அந்த வரியை தனி கலர்ல குறிச்சு வைங்க. முதல் ரெண்டு வாரம் உங்க மணிநேர சராசரியை வாரியம் தர்ற உங்க வட்டார நம்பரோட ஒப்பிடுங்க, உங்க சென்சார் எப்பவும் ஒரே விகிதத்துல கூட காட்டுனா, அந்த விகிதத்தால வகுத்துக்கலாம்.

வெயில், தூசு ரெண்டையும் ஒரே கிராஃப்ல போட்டு பாருங்க. மேகம் வந்தா வெயில் கோடு பல்லு பல்லா விழுந்து ஏறும். புகைமூட்டம்னா கோடு வழவழன்னு தான் இருக்கும், ஆனா மத்தியான உச்சி நேத்தைய விட தாழ்ந்திருக்கும், அதே நேரம் தூசு கோடு ஏறியிருக்கும், அப்படி பார்த்தா சன்னலை சாத்திடுங்க.