எரிச்சலூட்டும் துணைப் பாத்திரத்தை எழுதுவது எப்படி: ‘கொலம்போ’ தொடரிலிருந்து சில பாடங்கள்

துப்பறியும் தொடருக்குத் திரைக்கதை எழுதுபவர்கள் கொலையாளிக்கும் துப்பறிபவருக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். வீட்டு வேலைக்காரம்மாவுக்கு ‘தொணதொணவென்று பேசுவார்’ என்று ஒரே வரி. கடைசியில் எடிட்டிங் மேசையில் முதல் கத்தரி விழுவது அந்தம்மா வரும் காட்சிகளில்தான். பாத்திரம் எரிச்சலூட்டுவதில் தப்பே இல்லை. யாருக்கு எரிச்சல் ஏறவேண்டும் என்று முடிவு செய்யாமல் எழுதுவதால்தான் காட்சி கெடுகிறது.

இதைப் படிக்க வசதியான தொடர், 1971 முதல் 1978 வரை அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் வந்த ‘கொலம்போ’. அதில் பெரும்பாலான கதைகளில் கொலையாளி யார் என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். துப்பறியும் போலீஸ் அதிகாரி கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க், கசங்கிய மழைக்கோட்டோடு உள்ளே வருவதே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தை ‘யார் செய்தது’ என்ற கேள்வியின் துணை இல்லாமல் ஓட்டியாக வேண்டும். அந்தச் சுமையில் பாதியைத் துணைப் பாத்திரங்கள் தாங்குகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு: அங்கே ஊரையே நச்சரிப்பவர் கொலம்போதான். கதவு வரை போய்த் திரும்பி வந்து ‘இன்னும் ஒரே ஒரு விஷயம்’ என்பவர் நாயகனாக இருக்கும்போது, அவர் பக்கத்தில் இன்னொரு நச்சரிப்பாளருக்கு என்ன வேலை?

யாரை எரிச்சல்படுத்தப் போகிறீர்கள்?

வசனம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கொலையாளி, துப்பறிபவர் என்று இரண்டு பதில்களே செல்லும். ‘பார்வையாளர்’ என்பது பதிலாக வந்தால் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள். திரையில் ஒருவர் நெளியும்போது நாம் சிரிப்போம். அங்கே யாரும் நெளியாவிட்டால் நாம்தான் நெளிய வேண்டியிருக்கும்.

1973-இல் வந்த ‘டபுள் ஷாக்’ கதையில் வரும் மிஸஸ் பெக் இதற்குச் சரியான உதாரணம். ஜெனெட் நோலன் நடித்தது. சுத்தம்தான் அந்தம்மாவுக்கு உயிர். கொலம்போவோ போகுமிடமெல்லாம் சுருட்டுச் சாம்பலைச் சிந்துகிற ஆள். கொலை நடந்த வீட்டில், போலீஸ் அதிகாரி என்றும் பாராமல் அவரை விரட்டி விரட்டித் திட்டுகிறார். மற்ற கதைகளில் எல்லாரையும் திணறடிக்கும் மனிதர் இங்கே தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிறார். நச்சரிப்பவரையே நச்சரிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதால் காட்சி எடுபடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மிஸஸ் பெக்கின் கோபம் நியாயமானது. வீட்டை அழுக்காக்கினால் யாருக்கும் கோபம் வரும். எரிச்சலூட்டும் பாத்திரத்துக்கு அதன் கோணத்தில் சொந்தமாக ஒரு நியாயம் வேண்டும். ‘சுபாவமே அப்படி’ என்று எழுதினால் மூன்றாவது நிமிடத்தில் அலுத்துவிடும்.

துப்பை அவர் கையில் கொடுங்கள்

அடுத்த விதி: கதையை முடிக்கத் தேவையான ஒரு தகவல் இந்த ஆளிடம் மட்டும் இருக்க வேண்டும். மிஸஸ் பெக்கிடம் இருக்கிறது. குளியல் தொட்டியில் மின்சார மிக்ஸரைப் போட்டு முதலாளி கொல்லப்படும் நேரத்தில் அந்தம்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியூஸ் போய்ப் படம் நின்றது, சீக்கிரமே திரும்பவும் வந்தது. குளியலறையில் கொன்றுவிட்டுக் கீழே ஓடி ஃபியூஸை மாற்ற ஒரே ஆளுக்கு அந்த நேரம் போதாது. முதலாளியின் உறவினர்களான இரட்டையர் இருவரும் சேர்ந்து செய்த வேலை என்று கொலம்போ நிறுவுவது இதை வைத்துத்தான்.

இத்தகைய தகவலை வசனத்தில் ஒளிக்கத் தனி முறை இருக்கிறது. பாத்திரம் ஐந்து புகார் சொன்னால், துப்பு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரட்டும். கடைசிப் புகாராக வைத்தால் காட்சி முடியும் அழுத்தம் அதன் மேல் விழுந்து, பார்வையாளர் பிடித்துவிடுவார். துப்பு வந்த அடுத்த வரியிலேயே அதைவிடச் சத்தமான, சிரிப்பு வரவழைக்கிற புகார் ஒன்று வர வேண்டும். துப்பறிபவரின் முகத்துக்கு அங்கே குளோசப் வேண்டாம் என்று திரைக்கதையிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இயக்குநர் கட்டாயம் வைப்பார்.

எரிச்சலே பொறியாக மாறுவது

துப்பைச் சுமப்பது முதல் படி. அடுத்த படி கடினமானது: அந்த ஆளின் எரிச்சலூட்டும் குணமே கொலையாளியைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். 1971 மார்ச்சில் வந்த ‘ரான்சம் ஃபார் எ டெட் மேன்’ இதைச் செய்கிறது. வழக்கறிஞர் லெஸ்லி (லீ கிராண்ட்) கணவரைக் கொன்றுவிட்டு, அவரைக் கடத்திவிட்டார்கள் என்று நாடகமாடுகிறார். கணவரின் முதல் தாரத்து மகள் மார்கரெட், சிற்றன்னையை முறைத்துக்கொண்டும் குற்றம்சாட்டிக்கொண்டும் வீட்டை நரகமாக்குகிறாள். முதல்முறை பார்க்கும்போது ‘இந்தப் பெண் எப்போது ஊருக்குக் கிளம்பும்’ என்றுதான் தோன்றும். லெஸ்லிக்கும் அதேதான் தோன்றுகிறது. பணம் கொடுத்தால் போய்விடுகிறேன் என்று மார்கரெட் சொல்ல, எப்படியாவது தொலைந்தால் சரி என்று லெஸ்லி கொடுக்கும் கட்டு, ஒளித்து வைத்திருந்த பிணைப்பணத்திலிருந்து எடுத்தது. கொலம்போவின் கணக்கும் அதுதான்.

இப்படி எழுத வேண்டுமானால் முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கொலையாளி எந்தத் தவறைச் செய்தால் மாட்டுவார் என்று முதலில் முடிவெடுங்கள். எந்த அளவு எரிச்சல் வந்தால் அவர் நிதானம் இழந்து அந்தத் தவறைச் செய்வார் என்பது அடுத்த கேள்வி. அந்த எரிச்சலைத் தரும் ஆளை அதன்பிறகு உருவாக்குங்கள். வரிசை தலைகீழானால் பாத்திரம் கதையில் ஒட்டாமல் தொங்கும்.

மிரட்டிக் காசு பறிப்பவர்

இந்த வகையை எழுதும்போது கை கட்டாயம் வழுக்கும். 1971-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘மர்டர் பை தி புக்’ கதையில் கடைக்காரி லில்லி லா சாங்கா கொலையாளியிடம் குழைகிறாள், உரிமை எடுத்துக்கொள்கிறாள், தான் கண்டதை வைத்துப் பணமும் கேட்கிறாள். கேட்ட நொடியே அவள் பிழைக்க மாட்டாள் என்று நமக்குத் தெரியும். அது தெரிந்த பிறகும் காட்சியை நீட்டினால் சலிப்புதான். அதனால் மிரட்டலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே இரண்டு காட்சிக்கு மேல் விடாதீர்கள்.

‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’ (1973) இதே சரக்கை வேறு மாதிரி எடுத்துச் செல்கிறது. செயலாளர் கேரன் கொலையாளியிடம் கேட்பது திருமணம். அந்த வாழ்க்கைக்குச் சிறையே மேல் என்று கொலையாளி நினைக்கிறார். மிரட்டுபவர் என்ன கேட்கிறார் என்பதை மாற்றினாலே பாதிப் பழமை போய்விடும்.

நாயகனுக்கு உதவியாளர்

துணைக்கு ஒரு ஆளைப் போடு என்று சேனல் கேட்பது இன்று வந்த பழக்கமல்ல. 1972-இல் கொலம்போவுக்கு ஒரு பாசெட் ஹவுண்ட் நாய் வந்தது. பெயரே ‘டாக்’ தான். ஒன்றும் செய்யாது, சொன்ன பேச்சும் கேட்காது, ஆனால் காட்சிக்கு நடுவே குறுக்கே பேசாது. அதே ஆண்டு ‘தி கிரீன்ஹவுஸ் ஜங்கிள்’ கதையில் சார்ஜென்ட் வில்சன் (பாப் டிஷி) வந்தார்: புது ரக முறைகளில் நம்பிக்கை வைத்த, துறுதுறுப்பான இளைஞர். அவர் முட்டாளாக எழுதப்படவில்லை என்பதுதான் காப்பாற்றியது. உதவியாளர் முட்டாளாக இருந்தால் அவரை வைத்திருக்கும் நாயகனின் புத்தியின் மேல் சந்தேகம் வரும். மரியாதையும் ஆர்வமும் கொஞ்சம் அளவு மீறினால் போதும், கொலம்போவுக்குத் தலைவலி தானாக வரும்.

‘லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்’ (1976) எதிர்ப்பக்கப் பாடம். கொலம்போவோடு வேறு அதிகாரிகளும் ஒட்டிக்கொண்டே திரிகிறார்கள். கொலையாளியோடு தனியே நிற்கும் காட்சிகள்தான் இந்தத் தொடரின் உயிர். கூட்டம் கூடியதும் அது போய்விட்டது. உதவியாளரை வையுங்கள், ஆனால் நாயகனும் கொலையாளியும் சந்திக்கும் அறைக்கு வெளியே வையுங்கள்.

அளவு

75 நிமிடக் கதைக்கு இத்தகைய ஆள் ஒருவர் போதும். அதிகம் போனால் இரண்டு பேர், அதுவும் ஒரே காட்சியில் சேராமல். தோற்றம் மூன்று தடவை: முதலாவது ஒன்றரை நிமிடம், இரண்டாவது மூன்று நிமிடம் (துப்பு இங்கே), மூன்றாவது அரை நிமிடம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் ஐந்து பக்கம். கடைசி இருபது நிமிடத்துக்குள் புதிதாக ஒரு தொல்லையை நுழைக்காதீர்கள். வலை இறுகும் நேரத்தில் சிரிப்புக்காக நின்றால் அழுத்தம் இறங்கிவிடும்.

நேரத்தை நிரப்ப மட்டும் எழுதிய காட்சி எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆன் எக்ஸர்சைஸ் இன் ஃபேட்டாலிட்டி’ (1974) கதையில் ஓர் அலுவலகத்தில் கணினி ஒரு விவரத்தை அச்சிட்டுத் தரும்வரை கொலம்போ காத்திருக்கிறார், காத்திருக்கிறார், நாமும்தான். 75 நிமிடக் கதையை 98 நிமிட நீளத்துக்கு இழுக்கும்போது இப்படித்தான் ஆகும். ‘நெகட்டிவ் ரியாக்‌ஷன்’ (1974) கதையின் கன்னியாஸ்திரீ காட்சியும் நீளமானதுதான். கொலம்போவை வீடற்றவர் என்று நினைத்து உணவு கொடுத்து, அந்தக் கோட்டுக்கு மாற்றுக் கோட்டும் கொடுக்கப் பார்க்கிறார். அங்கே தொல்லை தருவது அன்பு. மறுத்துப் பேச வழியில்லாமல் கொலம்போ தவிப்பதால் நீளம் உறைப்பதில்லை.

வரைவு முடிந்ததும் அந்தப் பாத்திரத்தின் வசனங்களை மட்டும் தனியே எடுத்து ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே புகார் மூன்றாம் தடவை வந்தால் வெட்டுங்கள். எல்லா வரியும் ஆச்சரியக்குறியில் முடிந்தால் நடிகர் கத்தத்தான் செய்வார். அடக்கிய குரலில் சொல்லக்கூடிய வரிகள் பாதியாவது இருக்கட்டும். அடுத்த கதையில் அவரைத் திரும்பக் கூப்பிடும் எண்ணம் இருந்தால் பெயரையும் ஊரையும் குறித்து வையுங்கள். 1972-இல் ஃபிரெடரிக்காக இருந்த சார்ஜென்ட் வில்சன், 1976-இல் அதே நடிகரோடு திரும்பி வந்தபோது ஜான் ஆகியிருந்தார்.