பேட்டரிக் கூட்டணியில் கார் நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

மின்சார காரின் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கே போகிறது. ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் செல்லைத் தாமே தயாரிக்கும் கார் நிறுவனங்கள் வெகு சில. பிஒய்டி அதில் ஒன்று. மற்றவர்கள் பெரும்பாலும் எல்ஜி, பானசோனிக், சிஏடிஎல் போன்ற செல் தயாரிப்பாளர்களில் யாரோடாவது கூட்டுச் சேர்கிறார்கள். அந்த அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, செல்லில் பழுது வந்தால் யார் கண்டுபிடிப்பது, யார் பணம் கட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான்.

ஜெனரல் மோட்டார்ஸின் போல்ட் காரைப் பாருங்கள். சில கார்கள் தீப்பிடித்ததும், 2020 நவம்பரில் கார்களைத் திரும்ப அழைத்து, சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தும் மென்பொருளை ஏற்றினார்கள். அப்புறமும் தீப்பிடித்தது. எல்ஜி தந்த செல்கள் சிலவற்றில் ஆனோடின் (எதிர்மின் முனையின்) இணைப்புத் தகடு கிழிந்திருந்தது, இரு முனைகளும் தொடாமல் பிரிக்கும் செப்பரேட்டர் படலம் மடிந்திருந்தது. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால் ஆபத்து. எந்த மென்பொருளும் மடிந்த படலத்தை நிமிர்த்தாது! 2021 ஆகஸ்டில் மொத்த போல்ட் கார்களையும், ஏறக்குறைய 1.4 லட்சம், திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. வண்டியை வெளியே நிறுத்துங்கள், இரவில் சார்ஜில் போட்டு விடாதீர்கள் என்றார்கள். செலவு சுமார் 200 கோடி டாலர். அதில் 190 கோடி வரை தர எல்ஜி ஒப்புக்கொண்டது. பணம் வந்தது, சரி. போல்ட் உற்பத்தி மாதக்கணக்கில் முடங்கியதற்கு என்ன செய்வது? சப்ளையரின் தொழிற்சாலைக்குள் போய்ச் சோதிக்கும் உரிமையும், எந்தத் தொகுதியில் (பேட்ச்) தயாரான செல் எந்தக் காருக்குப் போனது என்ற பதிவும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது, அறிவிப்பை உற்பத்தி என்று நம்புவது. சுவீடனின் பேட்டரி நிறுவனமான நார்த்வோல்ட் ஆண்டுக்கு 16 ஜிகாவாட்-மணி திறன் என்றது. 2023இல் ஒரு ஜிகாவாட்-மணியைக்கூட எட்டவில்லை. 2024இல் பிஎம்டபிள்யூ தன் 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. அதனிடம் வேறு சப்ளையர்கள் இருந்ததால் தப்பித்தது. நார்த்வோல்ட்டையே நம்பியிருந்த ஸ்கேனியாவின் மின் லாரிகள்தான் தடுமாறின. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவாலானது. பெரிய பங்குதாரரான ஃபோக்ஸ்வேகனாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. பங்கு வாங்கினால் செல் வந்துவிடாது.

ஒரே வகை செல்லுக்கென்று ஆலை கட்டுவதும் சிக்கல்தான். ஜெனரல் மோட்டார்ஸும் எல்ஜியும் நிக்கல் செல்லுக்காகத் தொடங்கிய டென்னசி ஸ்பிரிங் ஹில் ஆலையை, விலை குறைவான எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்கு மாற்றப்போவதாக 2025இல் அறிவித்தன.

கடைசியாக, தொழில்நுட்பம் யாருடையது என்று விசாரிக்காமல் விடுவது. எல்ஜியின் தொழில் ரகசியங்களை எடுத்ததாக, இன்னொரு தென்கொரிய பேட்டரி நிறுவனமான எஸ்கே மீது வழக்கு. 2021 பிப்ரவரியில் எஸ்கேயின் பேட்டரிகளுக்கு அமெரிக்காவில் 10 ஆண்டு இறக்குமதித் தடை. அதன் வாடிக்கையாளர்களான ஃபோர்டுக்கு நான்கு ஆண்டும், ஃபோக்ஸ்வேகனுக்கு இரண்டு ஆண்டும் மட்டும் விலக்கு. ஏப்ரலில் எஸ்கே 2 லட்சம் கோடி வொன் தருவதாக எல்ஜியிடம் ஒப்புக்கொண்ட பிறகே ஃபோர்டுக்கும் ஃபோக்ஸ்வேகனுக்கும் மூச்சு வந்தது.