புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: குரூப் தேர்வுக்கு வரலாற்றுப் பாடம் நினைவில் நிற்க

குரூப் 4, குரூப் 2 தேர்வுக்காகச் சமச்சீர் புத்தகத்தை நாலு தடவை முடித்தவர்கள்கூட, 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தார்கள் என்று திடீரெனக் கேட்டால் தடுமாறுவார்கள். இதற்கு ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நாலாவது தடவையில் வரிகள் பழகிப்போயிருக்கும். பழகியதையே தெரிந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். புத்தகம் கண்ணெதிரே இருக்கும்வரை இது நமக்குப் புரியாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும் மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவில் இருந்தன.

பாடத்தைத் தொடங்குமுன் 5 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் பாடத்தின் கடைசியில் இருக்கும் புக் பேக் கேள்விகள், பிறகு துணைத்தலைப்புகள், பெட்டிச் செய்திகள், வரைபடம். ஒவ்வொரு துணைத்தலைப்பையும் கேள்வியாக மாற்றிப் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். ‘வேலூர்ப் புரட்சி’ என்ற தலைப்பு ‘ஏன் வெடித்தது, யார் அடக்கினார், பிறகு என்ன ஆயிற்று’ என்று ஆகட்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கண் சும்மா ஓடாது.

ஒரு துணைத்தலைப்பு முடிந்ததும் நிறுத்தி, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதுங்கள். ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். வரவில்லை என்றால் உடனே திறக்காமல் ஒரு நிமிடமாவது முட்டிப் பாருங்கள். அந்தச் சிரமம்தான் வேலை செய்கிறது. பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேருங்கள். அடுத்த ரிவிஷனில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பைத்தான்.

வேலூர்ப் பாடத்தில் பெரும்பாலும் சிவப்பாவது பெயர்கள். பெண்டிங், கிரடாக், பான்கோர்ட், கில்லெஸ்பி என்று வரிசையாக மனப்பாடம் செய்தால் நிச்சயம் குழம்பும். பெயரோடு செயலையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பெண்டிங் சென்னை மாகாண ஆளுநர், திருப்பி அழைக்கப்பட்டவர், கிரடாக் தலைமைத் தளபதி, பான்கோர்ட் கோட்டைக் காவற்படைத் தலைவர், கொல்லப்பட்டவர், கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கியவர். காரணத்தையும் ஒரே தொடராக்குங்கள்: தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் தடை, தாடி பற்றிய கட்டளை, கோட்டைக்குள்ளேயே திப்புவின் மகன்கள். தொடராக வைத்ததில் ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றவை பின்னாலேயே வரும்.

முதல் வாசிப்பில் ஹைலைட்டரைத் தொடாதீர்கள். எது முக்கியம் என்று தெரியாத நேரத்தில் எல்லாமே முக்கியமாகத் தோன்றி, பக்கம் முழுக்க மஞ்சளாகிவிடும். எழுதிப் பார்த்து, தவறியதை மட்டும் அடிக்கோடிட்டால் பக்கத்துக்கு நாலைந்து வரி போதும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பு எழுதுவதும் வீண் உழைப்பு. அது பார்த்து எழுதுவது, படிப்பது இல்லை.

எல்லாப் பக்கத்தையும் ஒரே வேகத்தில் படிக்காதீர்கள். தெரிந்த முன்னுரையை ஓட்டமாகப் பாருங்கள். சட்டம், ஒப்பந்தம், காரணம் வரும் இடத்தில் நின்று படியுங்கள்.

ரிவிஷனை மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், பிறகு மாதக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஓரத்துக் கேள்விகளுக்குப் புத்தகம் திறக்காமல் பதில் சொல்லிவிட்டு, தவறியதை மட்டும் படியுங்கள். ஒரு பாடத்துக்கு 10 நிமிடம்கூட ஆகாது. கொள்குறி வினாக்களிலும் நாலு விடைகளைக் கையால் மறைத்து, பதிலைச் சொல்லிவிட்டுத் திறங்கள். விடைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், தெரிந்து சொன்னீர்களா, பார்த்த முகமாக இருந்ததால் தொட்டீர்களா என்று உங்களுக்கே தெரியாது. எழுத நேரமில்லாத நாளில் பேருந்தில் நின்றபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாலும் சரி. மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் போனில் குறித்துக்கொண்டு, இரவில் அந்தப் பக்கத்தைத் திறங்கள்.