கப்பல் பட்டியலில் முன்னோரைத் தேடும் பக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16-ஆம் தேதி. அன்று தொடங்கி 1911 வரை மெட்ராஸ், கல்கத்தா இரண்டு துறைமுகங்களிலிருந்தும் 1,52,184 பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில் பாதை என்று வேலைக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுத்தர்கள் பதிந்து வைத்தார்கள். அந்தப் பட்டியல்கள் இப்போது கணினியில் ஏறிவிட்டன. டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கத்துப் பிள்ளைகள் செல்போனிலேயே தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, தங்கள் கோயிலின் பழைய பதிவேடுகளுக்கும் குடும்ப வரலாறுகளுக்கும் இப்படி ஒரு தேடல் பக்கம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறைய. நல்ல ஆசை. ஆனால் தேடல் பக்கம் என்பது பெயரை எடுத்துக் கொடுப்பதோடு நிற்பதில்லை. தேடுகிற பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு போகிறது, எதைத் தப்பாகப் புரிந்துகொண்டு போகிறது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-ல் முன்வைத்த மனச்சுமைக் கோட்பாடு இங்கே உதவும். படிக்கிற விஷயமே கடினமாக இருப்பதால் வரும் சுமை ஒரு வகை. அதை நம் முன் வைத்திருக்கும் விதத்தால் வரும் வீண் சுமை இன்னொரு வகை. மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் 2001-ல் எழுதினார். அந்த நான்கு இடத்தையும் பெட்டிகளும் பொத்தான்களும் பிடித்துக்கொண்டால், வரலாறு உட்கார இடம் இருக்காது.

குடும்பப் பெயரை முதலில் கேட்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ‘குடும்பப் பெயர்’ என்ற பெட்டியை உச்சியில் வைத்துவிடுகிறார்கள். இங்குள்ள பிள்ளையின் அடையாள அட்டையில் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், படையாச்சி என்று ஏதோ ஒன்று இருக்கும். கப்பல் பட்டியலிலோ தமிழர்களுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு ஒற்றைப் பெயர்தான். தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில், சாதி இன்னொரு கட்டத்தில். தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இந்த நாட்டுக் காகிதங்களில் பின்னால் உறைந்தது. பிள்ளை ‘கோவெண்டர்’ என்று டைப் செய்கிறது, ஒன்றும் வரவில்லை. நம் குடும்பம் பட்டியலிலேயே இல்லை என்று முடிவுகட்டி மூடிவிடுகிறது. பக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது, பிள்ளை பொய்யான பாடத்தோடு போய்விட்டது. எனக்கு இது உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

வீட்டில் எது தெரிந்திருக்குமோ அதைக் கேளுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழிலோ திருமணச் சான்றிதழிலோ ஒரு எண் எழுதியிருக்கிறதா? பல வீடுகளில் அந்தக் காகிதம் இன்னும் பீரோவில் கிடக்கிறது. அது கப்பல் பட்டியலில் முன்னோருக்குக் கொடுத்த எண்ணாக இருந்தால் வேறு எந்தப் பெட்டியையும் நிரப்பத் தேவையில்லை. எண் இல்லையா, சரி, பூட்டனின் பெயர் தெரியுமா? எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று பாட்டி சொல்லியிருக்கிறாரா? ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். இப்படிக் கேட்டால் பிள்ளை செல்போனை வைத்துவிட்டுப் பாட்டியிடம் போகும். அதுவும் தேடலின் ஒரு பகுதிதான்.

எழுத்துக்கூட்டலைத் தேடுகிறவர் தலையில் கட்டுவது

எழுத்தர்களின் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்கள் இவை. தமிழில் க, ப, த எல்லாம் இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். அதனால் ஒரே கோவிந்தன் ஒரு கப்பலில் ‘ஜி’ எழுத்திலும் அடுத்த கப்பலில் ‘கே’ எழுத்திலும் இருப்பார். இதற்கு ‘சவுண்டெக்ஸ்’ போட்டால் போதும் என்று மென்பொருள்காரர்கள் சொல்வார்கள். ராபர்ட் ரஸ்ஸல் 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதி மெய்யொலிகளை எண்ணாக மாற்றும். முனுசாமிக்கு அது பயன்படும். நடுவில் ‘யு’ வந்தாலும் இரண்டு ‘ஓ’ வந்தாலும் ஒரே குறியீடுதான் கிடைக்கும். சின்னசாமியிடம் தோற்றுவிடும். ‘சி’ எழுத்தில் தொடங்கினால் சி525, ‘எஸ்’ எழுத்தில் தொடங்கினால் எஸ்525. இரண்டும் ஒரே ஆள் என்று அதற்குத் தெரியாது. வீராசாமியை ‘வி’ போட்டு எழுதினாலும் ‘டபிள்யூ’ போட்டு எழுதினாலும் இதே கதிதான்.

ஆகவே தமிழ் ஒலிக்கு ஏற்ற மாற்றெழுத்துப் பட்டியல் ஒன்றைத் தனியாகத் தயாரித்தே ஆக வேண்டும். கொஞ்சம் உழைப்புதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். அப்புறம் இன்னொன்று: இந்த வேலையைத் திரைக்குப் பின்னால் மறைத்துச் செய்யாதீர்கள். ‘இந்தப் பெயரை இந்த நான்கு எழுத்துக்கூட்டலிலும் தேடினோம்’ என்று முடிவுகளுக்கு மேலே ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்கிற பிள்ளை, அடுத்து ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டும்போதும் அதை நினைவில் வைத்திருக்கும்.

‘முடிவுகள் இல்லை’ என்று மட்டும் சொல்வதும் இதைச் சேர்ந்த தவறுதான். எதை மாற்றித் தேடலாம் என்று அங்கேயே சொல்லுங்கள். வயது தோராயமாக எழுதப்பட்டது, முன்னும் பின்னும் ஐந்து வருடம் விட்டுத் தேடுங்கள் என்றாலே பாதிப் பேருக்கு வழி திறந்துவிடும்.

மெட்ராஸ் என்பதைப் பெரிதாகப் போடுவது

சில பக்கங்களில் முடிவின் தலைப்பிலேயே புறப்பட்ட துறைமுகம் பெரிய எழுத்தில் இருக்கும். உடனே ‘எங்கள் ஊர் சென்னை’ என்று பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். ஆற்காட்டுக்காரர், சேலத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லாரும் கப்பல் ஏறியது மெட்ராஸில்தான். பெரிதாகத் தெரிய வேண்டியது ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும்.

அந்த ஜில்லாப் பெயருக்கும் விளக்கம் வேண்டும். வட ஆற்காடு என்று பார்த்தால் இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரே கிடையாது. திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று அது பிரிந்து கிடக்கிறது. அதன் சில தாலுகாக்கள் 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்தோடு போய், இப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கின்றன. இந்த விளக்கத்தை வேறொரு உதவிப் பக்கத்தில் வைத்தால் பிள்ளை அங்கும் இங்கும் தாவ வேண்டியிருக்கும். கிராமத்தின் பெயர் அதற்குள் மறந்துபோகும். கவனம் இரண்டு இடத்தில் பிரிந்தால் கற்றல் குறையும் என்று பால் சாண்ட்லரும் ஸ்வெல்லரும் 1992-ல் காட்டியது இதைத்தான். ஜில்லாப் பெயரைத் தொட்டவுடன் அதே வரிக்குக் கீழே விளக்கம் விரிய வேண்டும்.

முதல் வரியை விடையாக்கிவிடுவது

பிங் பான் என்பவரும் அவருடைய சகாக்களும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. கூகுள் முடிவுகளின் வரிசையை ரகசியமாக மாற்றி வைத்தும், மேலே இருந்தவற்றையே மாணவர்கள் அதிகம் நம்பி கிளிக் செய்தார்கள், அவை பொருத்தம் குறைந்தவையாக இருந்தபோதும். பட்டியலில் முனுசாமிகள் எத்தனையோ பேர். முதலில் வருபவரை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொள்ளுத்தாத்தா ஆக்கிவிட்டால், அந்தத் தவறு குடும்ப மரத்தில் ஏறி, உறவினர்கள் கைக்கெல்லாம் போய்விடும். பிறகு திருத்தவே முடியாது.

ஒவ்வொரு முடிவிலும் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று காட்டுங்கள். ‘பெயர் பொருந்துகிறது, தகப்பன் பெயர் தெரியவில்லை, தோட்டம் வேறு’ என்று நேராகச் சொன்னால் போதும். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வசதியும் வேண்டும்.

முடிவுகளைக் குறைத்துக் காட்டும் வடிகட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து வடிகட்டிகளை ஒரே திரையில் கொட்டாதீர்கள். மூன்று போதும், மற்றவை ஒரு பொத்தானுக்குள் இருக்கட்டும். முடிவே இல்லாமல் கீழே ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலும் வேண்டாம். பார்த்த ஆளை மறுபடி கண்டுபிடிக்க முடியாது, டேட்டாவும் தீரும். இந்த நாட்டில் டேட்டா மலிவான பொருள் இல்லை.

எல்லாச் சிரமத்தையும் நீக்கிவிடுவது

இப்போது புதிதாக ஒரு ஆசை கிளம்பியிருக்கிறது. பெயரைச் சொன்னால் போதும், செயற்கை நுண்ணறிவு முன்னோரின் கதையை மூன்று பத்தியில் எழுதிக் கொடுத்துவிடும். படிக்க இதமாக இருக்கும். ஆனால் பதிவேட்டில் இருக்கும் சொற்ப விவரங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை அது கற்பனையால் நிரப்பிவிட்டால், பிள்ளைக்கு அது தெரிய வழியே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ ஃபிஷரும் மற்ற இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் விளக்கம் தேடிப் படித்தவர்கள், தாங்கள் தேடவே தேடாத வேறு விஷயங்களிலும் தங்களுக்கு அறிவு அதிகம் என்று மதிப்பிட்டுக்கொண்டார்கள். சுலபமாகக் கிடைப்பது சொந்த அறிவு போலத் தோன்றிவிடுகிறது.

ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர், கற்றலுக்கு நன்மை செய்யும் சிரமங்கள் உண்டு என்று 1990-களிலிருந்து சொல்லி வருகிறார். எழுத்துக்கூட்டலோடு மல்லாடுவது வீண் சிரமம், அதை நீக்குங்கள். இரண்டு சின்னசாமிகளில் நம்முடையவர் யார் என்று யோசிப்பது பயனுள்ள சிரமம்; அதைப் பிள்ளையிடமே விடுங்கள். பொருத்தங்களைக் காட்டும் முன், ‘உங்களுக்கு எவர் என்று படுகிறது? ஏன்?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். சுருக்கம் வேண்டுமென்றால் அதைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு வரியும் பதிவேட்டின் எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்று தொட்டுப் பார்க்கும்படி இருக்கட்டும். மூலப் பக்கத்தின் படம் கைவசம் இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் ஒளிக்காதீர்கள். அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போது பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் வேறு எதைப் பார்த்தும் கேட்பதில்லை.

நேரத்தை மட்டும் அளப்பது

பக்கத்தைச் சோதிக்கிறவர்கள் எத்தனை நொடியில் விடை கிடைத்தது என்று மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். தேடி முடித்ததும் செல்போனை வாங்கி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: உன் முன்னோரின் ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது? இவர்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? எந்த விவரம் இன்னும் உறுதியாகவில்லை? ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்தால் போதாது, அவர்களுடைய பாட்டிமாரையும் உட்கார வையுங்கள். எந்தப் பெட்டியில் விரல் தயங்கி நிற்கிறது என்று பக்கத்திலிருந்து பாருங்கள். முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பெட்டியைத்தான்.