மினிடிஸ்கில் உள்ள பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி

பழைய மினிடிஸ்க் கையில் கிடைத்தால் முதல் வேலை, அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாழ்ப்பாளை நகர்த்துவது. துளை திறந்திருந்தால் எழுத முடியாது, மூடியிருந்தால் எழுதலாம். திறந்து வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். மினிடிஸ்கில் அழிப்பது என்றால் ஒலியை அழிப்பதல்ல, எந்தத் தடம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, அதாவது டிஓசியை, மாற்றி எழுதுவதுதான். அதற்கு ஓரிரு விநாடி போதும். பழக்கமில்லாத கருவியில் பொத்தான் மாற்றி அழுத்திப் பதிவை இழப்பது அவ்வளவு சுலபம்.

சோனி 1992இல் கொண்டுவந்த இந்தத் தட்டு 64 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கடையில் விற்ற இசைத் தட்டுகள் சிடி போலவே அச்சிட்டவை. நாமே பதிவு செய்யும் தட்டுகள் காந்த-ஒளி வகை. லேசர் ஒரு புள்ளியைச் சுமார் 180 டிகிரிக்குச் சூடாக்க, மறுபக்கத்திலிருந்து காந்தத் தலை அதன் திசையை மாற்றும். அறை வெப்பத்தில் அந்தத் திசை தானாக மாறாது. அதனால் தட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது கருவிகள்தான். சோனி மினிடிஸ்க் வாக்மேன் விற்பனையை 2011இல் நிறுத்தியது, டெக்குகளை 2013இல், வெற்றுத் தட்டுகளை 2025 பிப்ரவரியில். ஓடும் கருவி ஒன்று கையில் இருக்கும்போதே பதிவுகளை இறக்கிவிடுவது நல்லது.

தட்டில் இருப்பது முழு ஒலி அல்ல, அட்ராக் முறையில் சுருக்கியது. சாதாரண எஸ்பி முறை விநாடிக்கு 292 கிலோபிட், நிமிடத்துக்குச் சுமார் 2.2 எம்பி. 2000இல் வந்த எல்பி2 132 கிலோபிட், எல்பி4 66 கிலோபிட். 80 நிமிடத் தட்டில் எல்பி2 என்றால் 160 நிமிடம், எல்பி4 என்றால் 320 நிமிடம் பிடிக்கும். எல்பி தட்டை 2000க்கு முந்தைய கருவியில் போட்டால் நேரம் ஓடும், தலைப்பின் முன்னால் எல்பி என்று வரும், சத்தம் மட்டும் வராது. அதைப் பார்த்து வெற்றுத் தட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஏற்கெனவே சுருக்கிய ஒலி என்பதால், தட்டில் உள்ள அந்த அட்ராக் தரவையே ஒரு பிட்டும் மாறாமல் கணினிக்குக் கொண்டுவருவதே சிறந்த வழி. அது முடியாவிட்டால் ஆப்டிகல் கேபிள். அதுவும் இல்லாவிட்டால்தான் ஹெட்ஃபோன் துளை.

எந்தக் கருவி வேண்டும்

2001 முதல் வந்த நெட்எம்டி கருவிகளில் யூஎஸ்பி உண்டு. ஆனால் அது கணினியிலிருந்து தட்டுக்குப் பாட்டு அனுப்பத்தான். திரும்பி எடுக்க விடவில்லை. பழைய எஸ்பி, எல்பி தட்டுகளிலிருந்து ஒலியைக் கணினிக்கு எடுக்க சோனியே அனுமதித்த ஒரே கருவி 2006இல் வந்த எம்இசட்-ஆர்எச்1. இதுவே சில நாடுகளில் எம்இசட்-எம்200 என்ற பெயரில் விற்றது. இன்று இதன் விலை மிக அதிகம். திரை மங்கிப்போன கருவியே பெரும்பாலும் கிடைக்கும். கணினி வழியாக வேலை செய்வதற்குத் திரை அவசியமில்லை. இன்னொரு வரம்பும் உண்டு: மைக்கிலோ கேபிளிலோ பதிந்த தடங்களைத்தான் அது தரும், கணினியிலிருந்து முன்பு தட்டுக்கு ஏற்றிய பாட்டுகளைத் தராது.

அதற்காக ஆர்எச்1 தேடி அலைய வேண்டியதில்லை. வெப் மினிடிஸ்க் ப்ரோ என்ற இலவசச் செயலி உலாவியிலேயே ஓடுகிறது. அதன் ஹோம்ப்ரூ முறை, சோனி போர்ட்டபிள் நெட்எம்டி கருவிகளின் உள்மென்பொருளில் தற்காலிகமாக ஒரு சிறு நிரலை ஏற்றி, தட்டில் படிக்கும் தரவை அப்படியே யூஎஸ்பி வழியே அனுப்ப வைக்கிறது. அந்த நிரல் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் போய்விடும், கருவி பழையபடி ஆகிவிடும். எம்இசட்-என்505, என்707, என்710 போன்ற சாதாரண மாடல்களே போதும். மற்ற நிறுவனங்களின் கருவிகளை இதற்காக வாங்க வேண்டாம். எம்இசட்-என்1, என்10 மாடல்களில் யூஎஸ்பி இணைப்பு மேசைத் தாங்கியில் இருக்கிறது. தாங்கி இல்லாமல் விற்றால் பயனில்லை.

வாங்கும்போது பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் இருப்பது சூயிங்கம் பட்டை வடிவத்தில் தட்டையான 1.2 வோல்ட் நிக்கல் பேட்டரி. உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்து தகடுகளைப் பச்சையாக்கிவிடும். வெளியே ஏஏ பேட்டரி மாட்டும் சின்னப் பெட்டி சேர்ந்து வந்தால் பெரிய உதவி. பதிவு செய்யும் தலை உடைந்த கருவி மலிவாகக் கிடைக்கும். நமக்குப் படித்தால் போதும், அது பரவாயில்லை.

யூஎஸ்பி வழியே இறக்குவது

விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் குரோம் அல்லது எட்ஜ் உலாவி தேவை. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் யூஎஸ்பி கருவியோடு உலாவி நேரடியாகப் பேசும் வெப்யூஎஸ்பி வசதி இல்லை, கருவியே தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி கேபிள் போட்டும் செய்யலாம்.

விண்டோஸில் முதல் முறை மட்டும் ஒரு வேலை இருக்கிறது. கருவியை இணைத்து, ஸாடிக் என்ற சிறு செயலியைத் திறந்து, பட்டியலில் நெட்எம்டி கருவியைத் தேர்ந்து, வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவ வேண்டும். பட்டியலில் வேறு சாதனத்தைத் தேர்ந்துவிட்டால் உங்கள் மவுஸோ கீபோர்டோ வேலை செய்யாமல் போகும், பெயரைப் படித்துப் பார்த்து அழுத்துங்கள். இதற்குப் பின் சோனியின் சொந்த மென்பொருளான சோனிக்ஸ்டேஜ் அந்தக் கருவியைக் காணாது. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள முயல்வது வீண் தலைவலி. லினக்ஸில் டிரைவர் வேண்டாம், யூடெவ் விதியில் அந்தச் சாதனத்துக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

1. புது பேட்டரி போடுங்கள், அல்லது கருவியில் குறிப்பிட்ட அதே வோல்ட் அடாப்டரை மாட்டுங்கள். பல மாடல்கள் யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்காது. பாதியில் அறுந்துபோவதற்கு முதல் காரணம் இதுதான்.
2. ஹோல்ட் பொத்தானை விலக்குங்கள். தட்டைப் போட்டபின் கேபிளை இணையுங்கள். கணினி தானாக உறங்கும் அமைப்பை நிறுத்திவையுங்கள்.
3. வெப் மினிடிஸ்க் ப்ரோவில் இணைப்பைக் கொடுத்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். தடங்களின் பட்டியல், நேரம், முறை எல்லாம் வரும். இந்தப் பட்டியலை அப்போதே படமெடுத்து வையுங்கள்.
4. ஹோம்ப்ரூ முறைக்கு மாறி, தடங்களைத் தேர்ந்து இறக்குங்கள். வேவ் ஆக மாற்றித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, மூல அட்ராக்கையே எடுங்கள்.
5. முடிந்ததும் ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் பட்டியலில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் அந்தத் தடத்தை மட்டும் மறுபடி எடுங்கள்.

எஸ்பி தடங்கள் ஏஇஏ கோப்பாக வரும். எல்பி தடங்கள் வேவ் என்ற பெயரில் வரும், ஆனால் உள்ளே இருப்பது அட்ராக்3. சாதாரண பிளேயர் அதைத் திறக்க மறுத்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருளல்ல. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசச் செயலி இரண்டையும் படிக்கும், அதைக் கொண்டு வேவ் அல்லது ஃபிளாக் ஆக மாற்றிக்கொள்ளலாம்.

கச்சேரியோ நீண்ட உரையோ பல தடங்களாக வெட்டியிருந்தால் ஒரு சிக்கல் வரும். அட்ராக் 512 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 11.6 மில்லிவிநாடிகளாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து வேலை செய்கிறது. தடங்களைத் தனித்தனியே விரித்து ஒட்டினால் இணைப்பில் சின்னத் தட்டல் கேட்கும், ஆலாபனை நடுவே அது காதில் நன்றாகவே விழும். இதற்கு வழி, விரிப்பதற்கு முன் ஒட்டுவது: முதல் ஏஇஏ கோப்பை முழுதாக வைத்து, அடுத்தடுத்த கோப்புகளின் தலைப்பகுதியான முதல் 2048 பைட்டுகளை நீக்கிவிட்டு வரிசையாக இணைத்து, ஒரே கோப்பாக மாற்றுங்கள்.

ஆப்டிகல் வழி

பாட்டுப் பெட்டி போன்ற பெரிய மினிடிஸ்க் டெக் இருந்தால் பின்பக்கம் பெரும்பாலும் ஆப்டிகல் வெளியீடு இருக்கும். டாஸ்லிங்க் கேபிள், ஆப்டிகல் உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒடாசிட்டி போன்ற பதிவுச் செயலி: இவ்வளவுதான் தேவை. 74 நிமிடத் தட்டுக்கு 74 நிமிடம் ஆகும். போர்ட்டபிள்களில் லைன்-இன் துளைக்குள் சிவப்பு வெளிச்சத்தை எதிர்பார்க்கும் ஆப்டிகல் வசதி உள்வாங்குவதற்கு மட்டுமே. அதிலிருந்து எதுவும் வெளியே வராது.

இங்கே சொதப்புவது கடிகாரம். இன்டர்ஃபேஸின் கடிகார மூலத்தை உள் என்பதிலிருந்து வெளி எஸ்/பிடிஐஎஃப் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டு கடிகாரமும் மெல்ல விலகி, சில விநாடிகளுக்கு ஒருமுறை டிக் என்று கேட்கும். அடுத்து, விண்டோஸ் ஒலி அமைப்பிலும் பதிவுச் செயலியிலும் 44,100 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 48,000இல் இருந்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் மாற்றிவிடும். ஒலி அளவைத் தொடாதீர்கள், டெக் அனுப்பும் எண்களே கோப்பில் இறங்க வேண்டும். எஸ்சிஎம்எஸ் என்ற நகல் தடை வீட்டு டிஜிட்டல் ரெக்கார்டர்களைத்தான் நிறுத்தும், கணினி இன்டர்ஃபேஸ்கள் பொதுவாக அதைக் கண்டுகொள்வதில்லை.

ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்க வேண்டிய நிலை வந்தால், மெனுவில் வெளியீட்டை லைன் அவுட் என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் ஒலியை முக்கால் அளவில் நிறுத்துங்கள். பேஸ் கூட்டும் அமைப்பையும் ஏவிஎல்எஸ் என்ற ஒலிக் கட்டுப்பாட்டையும் அணையுங்கள். லேப்டாப்பின் மைக் துளை வேண்டாம், அது பெரும்பாலும் மோனோ. 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதிவு செய்யுங்கள்.

2004இல் வந்த ஹை-எம்டி தட்டுகள் தனி ரகம். கணினியில் பென் டிரைவ் போல் திறந்து கோப்புகளும் தெரியும், ஆனால் அவற்றை நகலெடுத்தால் கேட்க முடியாது, ஒலி பூட்டிய நிலையில் ஒரே பெரிய கோப்புக்குள் இருக்கும். ஹை-எம்டி கருவியோடு வெப் மினிடிஸ்க் ப்ரோவிலோ சோனிக்ஸ்டேஜிலோதான் எடுக்க வேண்டும். சோனிக்ஸ்டேஜ் வேண்டுமென்பவர்கள் கடைசியாக வந்த 4.3 பதிப்பையே பயன்படுத்துங்கள். ஆரம்பப் பதிப்புகள் ஒரு தடத்தை ஒரே ஒருமுறைதான் எடுக்க விட்டன. நகல் பூட்டு போடும் அமைப்பை இறக்கும் முன்னரே அணைத்துவிடுங்கள்.

படிக்க மறுக்கும்போது

கடையில் வாங்கிய இசைத் தட்டு ஓடுகிறது, பதிவுத் தட்டு மட்டும் ஓடவில்லை என்றால் தட்டைக் குறை சொல்ல வேண்டாம். காந்த-ஒளித் தட்டு ஒளியை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். லென்ஸில் படிந்த மெல்லிய தூசிகூட அந்தக் கொஞ்சத்தையும் தின்றுவிடும். பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நனைத்துப் பிழிந்து, லென்ஸை அழுத்தாமல் ஒருமுறை துடையுங்கள். சோனி டெக்கில் சி13 என்ற எண் வந்தால் படிப்பதில் தடங்கல், சி14 வந்தால் டிஓசியில் கோளாறு. தட்டே உள்ளே போகாமல் திக்கினால் பார்க்க வேண்டியது இரண்டு: உள்ளே இழுக்கும் ரப்பர் பெல்ட், தட்டின்மேல் ஓரம் கிளம்பி நிற்கும் லேபிள். பிசின் காய்ந்த லேபிளை முழுதாக உரித்துவிட்டுப் போடுங்கள், அதில் எழுதியிருப்பதைப் படமெடுத்தபின்.

பதிவு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தும் வெற்றுத் தட்டு என்று திரையில் வருவதுண்டு. பதிவு முடிந்து டிஓசி எழுதும் நேரத்தில் மின்சாரம் போயிருக்கும், அல்லது யாரோ எல்லாவற்றையும் அழித்திருப்பார்கள். மேலே புதிதாகப் பதியாத வரை ஒலி அங்கேயேதான் இருக்கிறது. மீட்க, அதே நீளமுள்ள வேறொரு தட்டில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே தடமாக மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். 74க்கு 74, 80க்கு 80. ஹோம்ப்ரூ முறையின் டிஓசி திருத்தியில் அந்தத் தட்டின் டிஓசியைச் சேமித்து, பழுதான தட்டின் தாழ்ப்பாளை மூடி, அதில் எழுதுங்கள். பழுதான டிஓசியையும் முன்னதாகச் சேமித்துக்கொள்ளுங்கள். எழுதி முடிந்ததும் உடனே பாதுகாப்பைத் திரும்பப் போட்டு, முழுத் தட்டையும் ஒரே கோப்பாக இறக்கி, மௌனம் வரும் இடங்களில் வெட்டுங்கள். அதற்கும் முன்பு எப்போதோ பதிந்த பழைய மிச்சங்களும் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரலாம்.

எஸ்பியா எல்பியா, ஸ்டீரியோவா மோனோவா என்ற குறியும் டிஓசியில்தான் இருக்கிறது. மீட்ட தடம் முழுவதும் இரைச்சலாகவோ சத்தமே இல்லாமலோ வந்தால், மௌனத் தட்டை எல்பி2இல் பதிவு செய்து மறுபடி முயலுங்கள், பின்பு எல்பி4, பின்பு மோனோ.