ஆற்று மாசுக்கு எதிராக மக்கள் குழுவாகச் செயல்படுவது எப்படி

ஒரு பெரிய ஆற்றை மாசிலிருந்து காக்க விரும்பும் மக்கள் பெரும்பாலும் பேரணியிலோ கையெழுத்து இயக்கத்திலோதான் தொடங்குகிறார்கள். அவற்றுக்கு உரிய நேரம் வரும். ஆனால் எந்தக் குழாயிலிருந்து, எந்த நாளில், என்ன கழிவு, எந்த நிபந்தனையை மீறி ஆற்றில் கலந்தது என்று சொல்ல முடியாத குழுவை அதிகாரிகள் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் சில மாதங்களை ஆதாரம் திரட்டுவதற்கே ஒதுக்குங்கள்.

முழு ஆற்றையும் ஒரே குழுவால் கவனிக்க இயலாது. உங்களால் தொடர்ந்து நடந்து பார்க்க முடிந்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, இரு கரைகளிலும் ஆற்றில் வந்து சேரும் ஒவ்வொரு குழாயையும் ஓடையையும் கால்வாயையும் வரைபடத்தில் குறியுங்கள். ஆலைகளை மட்டும் தேடாதீர்கள். 2020இல் உலகின் வீட்டுக் கழிவுநீரில் ஏறத்தாழ 44 விழுக்காடு பாதுகாப்பாகச் சுத்திகரிக்கப்படவில்லை என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு, பல ஆறுகளில் பெரிய குற்றவாளி நகரத்தின் சாக்கடையே.

அடுத்து, ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் வழங்கப்பட்டுள்ள அனுமதி ஆவணத்தைத் தேடிப் பெறுங்கள். ஒரு நாளில் எவ்வளவு நீர் விடலாம், அதில் எந்தப் பொருள் எந்த அளவைத் தாண்டக்கூடாது, யார் எப்போது சோதிக்க வேண்டும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். தகவல் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் இதையும் பழைய சோதனை முடிவுகளையும் விண்ணப்பித்துப் பெறலாம். 'ஆறு நாறுகிறது' என்பது முறையீடு. 'நிபந்தனையில் உள்ள அளவைக் குழாய் நீர் தாண்டியிருக்கிறது' என்பது சட்டமீறல். அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

நீர் மாதிரி எடுப்பதில் அவசரம் கூடாது. கழிவு சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஒன்று, சேரும் இடத்தில் ஒன்று, ஆற்றுநீரோடு நன்கு கலந்த பிறகு கீழே ஒன்று என மூன்று இடங்களிலும் ஒரே நாளில் எடுக்காவிட்டால், மாசு வேறெங்கிருந்தோ வந்தது என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். கரைந்துள்ள ஆக்சிஜன் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீனினங்கள் தவிக்கத் தொடங்கும். பாசி மண்டிய ஆற்றில் அது நண்பகலில் உயர்ந்தும் விடியலுக்குச் சற்று முன் மிகவும் தாழ்ந்தும் இருக்குமாதலால், நண்பகலில் மட்டும் அளந்துவிட்டு ஆறு நலமாக இருப்பதாக முடிவு செய்யாதீர்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகளைப் பனிக்கட்டியில் வைத்து, அன்றே கொண்டுசேருங்கள். புட்டியின் மீது இடம், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, அது யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதையும் பதிவு செய்யுங்கள். கழிவு இரவிலோ மழையோடு சேர்த்தோ திறந்துவிடப்படுவது உண்டென்பதால் அந்த நேரங்களையும் கவனியுங்கள். ஆனால் யாரும் தனியாகச் செல்லவோ, கையுறையின்றி நீரைத் தொடவோ, பிறர் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையவோ வேண்டாம். பல நாடுகளில் வழக்குக்குச் செல்லும் மாதிரியை அரசு அலுவலரே எடுக்க வேண்டும். அவரை உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வரவழைக்கவே உங்கள் அளவீடுகள் பயன்படும்.

முறையீட்டை ஒரு பக்கத்துக்குள் எழுதி, ஒரே ஒரு கோரிக்கையை, அதற்கான காலக்கெடுவோடு வையுங்கள். பதில் வராவிட்டால் மேலதிகாரி, மக்கள் பிரதிநிதி, செய்தியாளர், நீதிமன்றம் என்று படிப்படியாகச் செல்லுங்கள். வழக்கறிஞரிடம் பழைய சட்டங்களையும் தேடச் சொல்லுங்கள். 1966இல் அமெரிக்காவில் சங்கம் அமைத்த ஹட்சன் ஆற்று மீனவர்கள், நீர்வழிகளில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மறக்கப்பட்டாலும் நீக்கப்படாமல் இருப்பதைக் கண்டறிந்தார்கள். தகவல் தருபவருக்கு அபராதத்தில் ஒரு பங்கு உண்டு என்றும் சொன்ன அச்சட்டமே அவர்களுடைய கருவியாயிற்று.

மீனவரும் உழவரும் குடிநீருக்கு ஆற்றை நம்பியிருப்போரும் குழுவில் இருப்பது இயல்பு. ஆலைத் தொழிலாளரையும் தொடக்கத்திலேயே அழைத்துப் பேசுங்கள். ஆலையை மூடச் சொல்கிறீர்களா, சுத்திகரிப்பு நிலையத்தை முறையாக இயக்கச் சொல்கிறீர்களா என்பது அவர்களுக்கு வாழ்வாதாரக் கேள்வி. தெளிவான விடை தராவிட்டால், ஆற்றங்கரையிலேயே இரு தரப்புகள் உருவாகிவிடும். கழிவைத் திறந்துவிடும் நேரம் அத்தொழிலாளருக்கே நன்கு தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

வாக்குறுதி கிடைத்தவுடன் கலைந்துவிடும் குழுக்களைப் பார்க்கும்போது உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையில், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் என்ற நச்சு உலோகம் வயல்களில் படிந்து, அரிசி வழியே உடலில் சேர்ந்து, எலும்புகளை முறிக்கும் 'இத்தாய் இத்தாய்' நோயை உண்டாக்கியது. 1968இல் வழக்குத் தொடுத்த மக்கள் 1972இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். இழப்பீட்டோடு நில்லாமல், வல்லுநர்களுடன் சுரங்க வளாகத்துக்குள் சென்று ஆய்வு செய்யும் உரிமையை, அதற்கான செலவை நிறுவனமே ஏற்கும் என்ற ஒப்பந்தத்தோடு எழுதி வாங்கினார்கள். ஆண்டுதோறும் அவர்கள் ஆய்வைத் தொடர்ந்ததால்தான் ஆற்றுநீரில் காட்மியம் படிப்படியாகக் குறைந்தது.

உங்கள் உடன்பாட்டிலும் யார் உள்ளே சென்று பார்க்கலாம், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை, முடிவுகள் எங்கே வெளியிடப்படும், அளவு மீறினால் அடுத்த நாளே என்ன நடக்கும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். அது கையெழுத்தாகும் நாளிலேயே முதல் ஆய்வுக்கான தேதியையும் செல்ல வேண்டியவர்களையும் முடிவு செய்துவிடுங்கள்.